தெற்கு என்று எழுதிய வரி

அமலி,

நீ சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். தமிழிலும் அப்படித்தான், ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்றாய். இன்று அந்தக் கேள்வியை எழுத எனக்குக் கை வரவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசைக்கு நான் போகவில்லை. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு, வண்டூருக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில், உன்னைப் பெற்றெடுத்த வாரம் தவிர, நான் பூசைக்குப் போகாத ஞாயிறு இதுதான். சமையல்கட்டு மேசையில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பக்கத்தில் படகுக் கணக்கு எழுதுகிற கடல் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அப்பா வெளியே முருங்கை மரத்தடியில் நிற்கிறார். அவருடைய போனுக்கு அங்கேதான் சிக்னல் நன்றாக வரும். லூர்து சித்தி என் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. சௌல்தாரி கிராமத்தில் இருக்கிற தன் வீட்டுக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

இந்தக் கடிதத்தை நான் மூடி அனுப்பப் போவதில்லை. உனக்குப் போட்டோ எடுத்து போனில் அனுப்புவேன். இன்னொரு பிரதி எழுதி நம் கோயில் மாத இதழில் போடச் சொல்லிப் பங்குச்சாமியிடம் கொடுப்பேன். படகு விடுகிற வீடுகள் எல்லாம் படிக்கட்டும். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். நான் ஐந்தாவது வரை படித்தவள், மீதியைக் கப்பல் நோட்டீசிலும் ரேஷன் கார்டிலும் உன் பாடப் புத்தகத்திலும் படித்தவள் என்று ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றைத்தான் இதில் எழுதப் போகிறேன். நீ கோபப்படுவாய். நீ கோபப்பட வேண்டும் என்றுதான் இப்போது மாதாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கோபப்பட நீ இருக்க வேண்டும்.

நீ கிர்கிஸ்தானுக்குப் போகிறேன் என்று சொன்ன நாளில் எனக்கு அந்தப் பெயரே வாயில் நுழையவில்லை. டூரிஸ்ட் படகு கவுண்டரில் வேலை பார்த்தபோது உன்னோடு பேசிப் பழகிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சொன்ன வழி அது. சம்பளம் கிடையாது, படுக்கையும் சாப்பாடும் தருவார்கள், மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேண்டும், லீவில் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றலாம் என்றாய். நான் மறுக்கவில்லை. கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவளை வாசற்படியில் கட்டி வைக்க முடியாது. போர்ட் பிளேயர் பஜாரில் உனக்கு ஸ்வெட்டர் தேடி அலைந்தோமே, அந்த மூன்றாவது கடைக்காரரை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. "தீதி, வருஷத்தில் எட்டு மாசம் மழை பெய்யிற ஊர் இது. ரெயின்கோட் கேளுங்க, குடை கேளுங்க. ஸ்வெட்டரை நம்பினா என் பிள்ளைங்க பட்டினிதான்" என்று இந்தியில் சொல்லிவிட்டு நமக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கடைசியில், மெயின்லேண்டில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர் தன் பெட்டியைத் திறந்து ஒரு பச்சைக் கோட்டை எடுத்துக் கொடுத்தார். உன் அப்பா கடலில் போடுகிற மஞ்சள் மழைக் கால்சட்டையைச் சுருட்டி உன் பையில் திணித்தார். "மீன் நாத்தம் அடிக்கும்ப்பா" என்றாய். "அடிக்கட்டும். காத்து உள்ள வராதுல்லா" என்றார். அந்தக் கோட்டின் நிறமும் கால்சட்டையின் நிறமும் ஒருநாள் நான் தெரியாத ஊர்க்காரரிடம் சொல்ல வேண்டிய அடையாளம் ஆகும் என்று அன்று யார் கண்டது?

அங்கே போன பிறகு நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் நான் எத்தனை முறை பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. கன்னம் சிவந்த பிள்ளைகள் உன்னைச் சுற்றி நின்று "அமலி எஜே, அமலி எஜே" என்கிறார்கள். அக்காவையும் டீச்சரையும் அந்த ஊரில் ஒரே சொல்லால் கூப்பிடுவார்கள் என்றாய். நீ கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பி, "முழு வாக்கியமாகச் சொல்லு" என்கிறாய். எட்டு வயதில் நீ இந்தச் சமையல்கட்டுக் கதவின் பின்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, அரிசி களைந்துகொண்டிருந்த என்னிடம் அதே அதட்டலோடு அதையேதான் சொன்னாய். 'ரைஸ்' என்றால் விடமாட்டாய். 'ஐ ஆம் வாஷிங் ரைஸ்' என்று சொன்னால்தான் விடுவாய். உன் முதல் மாணவி நான்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன். நீ பேசியது ஒவ்வொரு சொல்லாக எனக்கு நினைவிருக்கிறது.

"ம்மா, நோட்ட எடு. நாளைக்கு நான் கிளம்புதேன்."

"எங்கட்டி?"

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரு. அங்கயும் என்ன மாதிரி ஒருத்தி பாடம் எடுக்கா. நடந்தே போயி அவ முன்னால திடீர்னு நிக்கப் போறேன். அவளுக்கே தெரியாது."

"இந்தப் பனியிலயா? ஒங்க பள்ளிக்கூடத்துல விட்டாங்களா?"

நீ சிரித்தாய். "குல்னாரா மேடம்ட்ட கேட்டா விடுவாங்களா? குளிர்காலத்துல அந்தக் கணவாய்க்கு யாரும் போகக் கூடாதுன்னு ரூலு. ரிஜிஸ்டர்ல டவுனுக்கு பஸ்ல போறேன்னு எழுதிட்டேன். அப்பாட்டயும் டவுன்னே சொல்லு. ஒங்கிட்ட மட்டுந்தான் உண்மையச் சொல்லுதேன். ஒன் நோட்டுல பொய் இருந்ததே இல்லல்லா."

நான் நோட்டை விரித்தேன், பேனாவைத் தொடவில்லை.

"ம்மா, ஒரே ஒரு தடவ."

நான் பேனாவை எடுத்தேன். நீ சொல்லச் சொல்ல எழுதினேன். வியாழன் காலை ஏழு மணி. ஒரு ஆள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடை. ஓடையோடு மேலே போனால் மேய்ப்பர் குடிசை, அங்கே முதல் நாள் தங்கல். அதற்கு மேல் இன்னொரு குடிசை, அங்கே இரண்டாம் நாள். சனிக்கிழமை மதியம் கணவாய் உச்சி, அங்கே சிக்னல் வரும், போன் பண்ணுவாய். சாயங்காலம் அந்தப் பக்கத்து ஊர். திங்கள் சாயங்காலம் பஸ்ஸில் திரும்ப வேண்டியது. ரொட்டி பத்து. கேஸ் டின் சின்னது இரண்டு, பனியை உருக்கினால்தான் குடிக்கத் தண்ணீர். "சனிக்கிழமை பேசலன்னா பயந்துராத. குளிர்ல பேட்டரி செத்துரும். திங்கக்கிழமை வரைக்கும் யாருட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டாய். நான் சத்தியம் செய்தேன். புதன்கிழமை நான் செய்த தவறு அது. அதே தவறைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏற்கெனவே ஒருமுறை செய்தவள் நான். அதைத்தான் இப்போது எழுத வேண்டும்.

இந்த நோட்டு எப்படி வந்தது என்பது உனக்குத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து புதுப்பெண்ணாக வந்த எனக்கு இந்தக் கடல் பழக்கமில்லை. உன் அப்பாவின் டோங்கி, அந்தச் சின்னப் படகு, கண்ணிலிருந்து மறைந்ததும் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடாது. அதற்காகத்தான் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். எத்தனை பேர், எந்தப் பக்கம், தண்ணீர் எத்தனை கேன், எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எத்தனை மணிக்குத் திரும்பியது. கெடு தாண்டி ஒன்றரை மணி நேரம் ஆனால் படகு கட்டுகிற ஜெட்டிக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். உன் அப்பா முதலில் கேலி செய்தார், பிறகு அவரே வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் மற்றப் படகுக்காரர்களும் பழகிக்கொண்டார்கள். தெலுங்கு அப்பாராவ் தினமும் வேலிக்கு வெளியே நின்று, "பாபி, லிக் லோ, நாலு ஆளு, தெக்கே, அஞ்சு மணி" என்று, அண்ணி எழுதிக்கோ என்பதை இந்தியும் தமிழும் கலந்து கத்திவிட்டுப் போவார். ஒருமுறை எஞ்சின் நின்றுபோய் மிதந்த அவரை என் நோட்டைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து என் எழுத்துக்கு ஜெட்டியில் ஒரு மதிப்பு. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, சொல்லிவிடுகிறேன்.

சேவியர் சித்தப்பா உன் அப்பாவுக்கு ஒரே தம்பி, லூர்து சித்தியின் புருஷன். உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவன். உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு, "இது என் கப்பல், ஆரன் அடிட்டி" என்பான், நீயும் ஊளையிடுவாய். அன்று உன் அப்பா ஒரு வேலையாகக் கப்பலேறி ஹட் பே என்கிற ஊருக்குப் போயிருந்தார். காலையில் சேவியர் வந்து படியில் நின்றான். அவனுடைய சிரிப்பில் ஏதோ குறைந்திருந்தது.

"மதினி, நோட்டுல தெக்கன்னு எழுதுங்க."

"தெக்கதான போற?"

"இல்ல. வடமேக்க. அட்டை எடுக்கப் போறேன்."

கடல் அட்டை எடுப்பது தடை. வடமேற்கில் அந்தக் காட்டுக் கரைக்குப் பக்கத்தில் படகு போவதே தடை, அது ஆதிவாசிகளுக்கென்று ஒதுக்கிய இடம். நான் திட்டினேன். அவன் கையைக் கூப்பினான். "உண்மைய எழுதி யாராவது ஃபாரஸ்ட்காரன் கண்ணுல பட்டா படகப் பிடிச்சிருவான். படகு அண்ணன் பேர்ல இருக்கு, அண்ணன உள்ள வச்சிருவான். ஒரே ஒரு தடவ மதினி." நான் எழுதினேன். ஒரு ஆள். தெற்கு. தண்ணீர் ஐந்து லிட்டர் கேன் இரண்டு. திரும்ப வேண்டியது நாலு மணி. அந்த நோட்டில் நான் எழுதிய முதல் பொய் அது. பொய் எழுதுகிறோம் என்று கைக்குத் தெரிந்துதான் இருந்தது, அந்த ஒரு சொல் மட்டும் கொஞ்சம் பெரிதாக விழுந்திருக்கிறது. இப்போதும் பார்க்கிறேன்.

நாலு மணி ஆனது. ஐந்தரை ஆனது. வழக்கப்படி நோட்டை எடுத்துக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினேன். அப்பாராவ் என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். "தெற்கு" என்ற சொல் அவருக்குப் படிக்கத் தெரியாது, என்னைக் கேட்டார். நான் சொன்னேன், அமலி. என் வாயால் சொன்னேன். "சலோ, ரட்லண்ட் தரஃப்! பாபி கா ஹிசாப் பக்கா ஹை" என்று அவர் கூவினார். பாபி கணக்கு தப்பாது என்று நம்பி நாலு படகு தெற்கே ரட்லண்ட் தீவுப் பக்கம் திரும்பின. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் கோளாறாக இருக்கும், விடிந்தால் அவனே வந்துவிடுவான், அதற்குள் உண்மையைச் சொல்லிப் படகையும் புருஷனையும் எதற்குக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று மனசு கணக்குப் போட்டது. லூர்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் செபமாலை சொன்னேன். மறுநாள் உன் அப்பா வந்தார். பெரிய படகில் சீருடைக்காரர்கள் வந்தார்கள். "தெற்கா?" என்று கேட்டார்கள். "தெற்கு" என்றேன். இரண்டாவது நாள் சொல்வதற்கு முதல் நாள் சொல்லாதது தடையாக நின்றது. மூன்றாவது நாள் அந்தத் தடை இன்னும் உயர்ந்துவிட்டது.

நாலாவது நாள், மேற்கே வெகுதூரத்தில் மிதந்த படகை ஒரு கப்பலில் போனவர்கள் பார்த்தார்கள். சேவியரின் உடல் அதில் இருந்தது. காற்று மாறியிருக்கிறது, நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. படகை இழுத்து வந்து கட்டியபோது நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு கேனும் நிமிர்ந்து நின்றன. இரண்டும் காலி. இரண்டுக்கும் மூடியைத் திருப்பித் திருகி வைத்திருந்தான். பத்து லிட்டர் தண்ணீரை வெயிலில் ஒரு ஆள் சிக்கனமாகக் குடித்தால் மூன்று நாள் வரும். அந்தக் கணக்கு அந்த ஜெட்டியில் எனக்கு மட்டும்தான் தெரியும். மூன்று நாளும் அவன் உயிரோடு இருந்தான். மூன்று நாளும் நாம் வருவோம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். சொட்டு சிந்தாமல் மூடியைத் திருகித் திருகி வைத்தான். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. "சித்தப்பா ஏம்மா தெக்க போனாரு?" என்று கேட்டு அழுதாய். நான் உன் தலையைக் கோதிவிட்டேன்.

இதை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கிடைத்தது என்றுதான் நம்புகிறேன். ஆனால் மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்து, மறுபடி அதே நோட்டில் எழுத உட்கார்ந்தேன். ஊர் முன்னைவிட அதிகமாக அதை நம்பியது. நீயும் நம்பினாய்.

நேற்று மதியம் உன் போன் வரவில்லை. இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. பேட்டரி செத்திருக்கும் என்று நீ சொன்னதையே எனக்கு நான் சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்றது மனசு. அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். விடியட்டும் பார்க்கலாம் என்று ஜெட்டியில் சொன்ன அதே குரல். குல்னாரா மேடத்தின் நம்பரை இரண்டு தடவை அழுத்தி இரண்டு தடவையும் மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன். பிறகு ஆணியிலிருந்து செபமாலையை எடுத்தேன். இரண்டாவது பத்து மணியை உருட்டி முடிப்பதற்குள் விரல் நின்றுவிட்டது. சனிக்கிழமைதோறும் கீரை கொண்டுவருகிற லூர்து சித்தி அப்போதுதான் பின்வாசலில் நுழைந்தாள்.

"என்னக்கா, அடுப்புல சோறு குழைஞ்சு கூழாவுது, நீ போனப் பாத்து தவம் கெடக்க? மருமவன் எவனும் போன்ல வாரானா?"

நான் சிரிக்கவில்லை. அவளை உட்காரச் சொன்னேன். உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். வடமேற்கு என்ற சொல்தான் வந்தது. பன்னிரண்டு வருஷம் தொண்டையில் கிடந்த சொல். முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன், மூடி திருகியிருந்தது வரை. அவள் கீரைக்கட்டை மடியில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"வடமேக்கயா போனாரு?"

"ஆமா."

"ஒனக்கு அன்னைக்கே தெரியும்?"

"தெரியும்."

"அவங்க தெக்க போயித் தேடுனப்ப நீ எங்க இருந்த?"

"ஒங்கூடத்தான். கோயில்ல. செபமாலை சொல்லிட்டு."

"மாதாட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"மாதாட்டப் படகு இருந்துச்சா?"

மாதாவுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தெரியாமல் இருந்தவர்கள் அந்த நாலு படகில் இருந்தவர்கள். அவர்களிடம் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை நான் செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியில் உருட்டிக்கொண்டிருந்தேன். செபம் செய்யாதே என்று உனக்கு நான் ஒருநாளும் எழுத மாட்டேன். செபம் செய். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவனிடம் சொல்லிவிட்டுப் பிறகு முழங்காலில் நில்.

அதன் பிறகுதான் உன்னைப் பற்றிச் சொன்னேன். ஓடை, குடிசை, கணவாய், டவுன் என்று நீ எழுதிவைத்த பொய், நான் செய்த சத்தியம். சித்தி எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து என் கையில் வைத்தாள். "அமலிய இடுப்புல தூக்கிட்டுத் திரிஞ்சவ நான். என் கணக்க பொறவு பாத்துக்கிடுவோம். மொதல்ல அந்த டீச்சர்ட்டப் பேசு." அதுதான் அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

மணி அடித்தது. குல்னாரா மேடம் எடுத்தார். நான் யார் என்று சொன்னதும் சந்தோஷமாகப் பேசினார். அவருடைய இங்கிலீஷும் என்னுடையதைப் போலவே நொண்டி நொண்டித்தான் நடந்தது. "அமலி டவுன், மதர். ஐ ஹாவ் பேப்பர்" என்றார். என்னிடம் எழுத்து இருக்கிறது என்கிறார். அப்பாராவ் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது போலவே இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ கதவின் பின்னால் எழுதிப்போட்டதை எல்லாம் நினைத்துக்கொண்டேன். முழு வாக்கியமாகச் சொன்னேன். "மேடம், தி பேப்பர் இஸ் ராங். மை டாட்டர் இஸ் நாட் இன் டவுன். ஷி இஸ் ஆன் தி மவுன்டன். ஷி இஸ் அலோன்." பிறகு அவர் தன் பாஷையில் யாரையோ கூப்பிட்டுக் கத்தினார். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்த ஓடை, எந்தக் குடிசை, எத்தனை ரொட்டி, எத்தனை கேஸ். பச்சைக் கோட்டு, மஞ்சள் கால்சட்டை. வெள்ளி மதியத்திலிருந்து அங்கே விடாமல் பனி கொட்டுகிறது என்றார். இருட்டப் போகிறது, ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் ஆட்கள் குதிரையில் கிளம்புவார்கள் என்றார். கடைசியாக, "ஒய் யூ டெல் நவ், மதர்?" என்றார். ஏன் இப்போதுதான் சொல்கிறாய் என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. தமிழிலும் தெரியவில்லை. புதன்கிழமை சொல்லியிருந்தால் நீ கிளம்பியிருக்க முடியாது. புதனிலிருந்து சனி வரை மூன்று நாள். அதே மூன்று நாள்.

உன் அப்பா ஆறு மணிக்குக் கரைக்கு வந்தார். வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் சொல்லிவிட்டேன், பழையதையும் புதியதையும். அவர் செம்பைக் கீழே வைக்காமல் நின்றார். "படகு போயிரும்னா வாயத் தொறக்கல?" என்றார். "ஒங்கள உள்ள வச்சிருவாங்கன்னு" என்றேன். "வச்சா வச்சிட்டுப் போறான். தம்பி வந்திருப்பான்லா" என்றார். செம்பைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் படக நான் மறு வருசமே வித்துட்டேன். அதுல ஏற முடியல எனக்கு" என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் அதை அவர் வாயால் கேட்டபோது, நான் எதைக் காப்பாற்றுவதற்கு எதைக் கொடுத்தேன் என்று முழுசாகத் தெரிந்தது.

பயணம் போகாதே என்று நான் எழுதவில்லை. எழுதினால் அது இன்னொரு பொய். நீ இதைப் படிப்பாய், மறுபடியும் பையைத் தூக்குவாய், எனக்குத் தெரியும். போ. ஆனால் எங்கே போகிறாய் என்பதை உன்னைத் தேடி வரக்கூடியவர்களிடம் சொல்லிவிட்டுப் போ. இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொல்லி என்ன பயன்? என்னிடம் குதிரை இருக்கிறதா? என்னால் அந்தக் கணவாய்க்கு வர முடியுமா? அம்மாவுக்குத் தெரியும் என்கிற தைரியத்தில்தான் நீ ஏறியிருக்கிறாய். மதினிக்குத் தெரியும் என்கிற தைரியத்தில்தான் அவனும் போனான். 'ஒரே ஒரு தடவ' என்று யார் வந்து படியில் நின்றாலும் இனி இந்த வீட்டில் பேனா எடுக்க ஆள் இல்லை. படகு விடுகிற வீட்டுப் பெண்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். புருஷனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்று வாயை மூடாதீர்கள். ஜெயிலில் இருக்கிறவனுக்குச் சோறு கொண்டுபோகலாம்.

பதினொன்றே முக்காலுக்கு குல்னாரா மேடத்திடமிருந்து செய்தி வந்தது. ஆட்கள் கீழ்க் குடிசைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நீ அங்கே இல்லை. அடுப்பில் சாம்பல் குளிர்ந்து கிடக்கிறது. ஒரு கேஸ் டின் இருக்கிறது, காலி. பனி குதிரையின் வயிறு வரை இருக்கிறதாம். மேல் குடிசைக்கு நடந்து போகிறார்கள். நான் உடனே எழுதி அனுப்பினேன்: 'ஷி ஹாஸ் டூ டின்ஸ். ஒன் மோர் இஸ் வித் ஹெர்.' பதில் வந்தது. 'ஓகே மதர். ஒன் மோர். ஐ டெல் மென்.'

அந்தப் பதிலை நான் சித்திக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து வந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இந்த வருஷத்து நோட்டை அல்ல. அதற்கு அடியில் நான் எடுத்து வைத்திருந்த பன்னிரண்டு வருஷத்துப் பழைய நோட்டை. பக்கத்தைப் புரட்டிச் சேவியர் வரியைக் கண்டுபிடித்தாள். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, தெற்கு என்பதை அடித்துவிட்டு, அதற்கு மேலே வடமேற்கு என்று தன் கையால் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு, நேற்றிலிருந்து முதல் தடவையாக, என்னிடம் பேசினாள்.

"ஒரு டின்னு எத்தன நாளைக்கு வரும்?"

"சிக்கனமா எரிச்சா ரெண்டு நாளு."

"சிக்கனமா எரிப்பாளா?"

"நான் வளத்த பிள்ள."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பேனாவைத் தந்தாள். அதைக் கொண்டுதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். மணி இப்போது பன்னிரண்டே கால். உனக்கு அங்கே பன்னிரண்டே முக்கால். வெளிச்சம் இன்னும் நாலைந்து மணி நேரம் இருக்கும். நீ எங்கே ஒதுங்கியிருந்தாலும் அங்கேயே இரு, மஞ்சள் துணியை வெளியே தெரிகிற மாதிரிப் போடு. அடுப்பைச் சின்னதாக வை. குடித்த மீதியைச் சிந்திவிடாதே. மூடியைத் திருகி வை, அமலி. வருகிறார்கள். இந்த முறை சரியான பக்கம் வருகிறார்கள்.

அம்மா